ஓடைக்கரை மரங்களில் கை வைக்க வேண்டாம்

பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

மழைக்கு முன்னர் ஓடையைத் துப்பரவு செய்ய வேண்டும் என்று ஊரில் கதை அடிபடுகிறது. நல்ல விடயம். ஆனால் துப்பரவு என்று நாம் எதைச் சொல்கிறோம்? பாலத்திலிருந்து வீசிய பெம்பர்ஸையும் கோழிக்கடைக் கழிவுப் பைகளையும் அள்ளுவதையா, பெக்கோ இறக்கி இரு கரை மரங்களையும் பிடுங்குவதையா? இரண்டாவதற்குத்தான் ஆதரவு கூடுதலாகத் தெரிகிறது.

அந்த மர நிழலில் ஓர் ஊசித்தும்பி இருக்கிறது. ஆணின் கரிய சிறகில் வெயில் பட்டால் செம்பும் பச்சையுமாக மின்னும். யூபேயா ஸ்ப்ளென்டென்ஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். உலகத்தில் இலங்கையில் மட்டும், அதுவும் ஈரவலயத்துக் காட்டு ஓடைகளில்தான் வாழ்கிறது. சிங்கராஜ வனம் 1988இல் உலக மரபுரிமையானது என்று பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுக்கிறோம். அந்த வனத்தில் இருக்கும் தும்பி, கித்துல்கலப் பக்கம் களனி கங்கையில் சேரும் நமது ஓடையிலும் பறக்கிறது என்று எத்தனை பேர் சொல்லிக் கொடுத்திருப்போம்?

பறப்பது அதன் வாழ்வின் கடைசிப் பகுதி மட்டுமே. அதற்கு முன்பு சிறகில்லாத குடம்பியாக, வேகமாக ஓடும் நீரில் கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வயிற்றின் இரு பக்கமும் உள்ள பூக்களால் நீரிலுள்ள ஒட்சிசனை எடுக்கும். மரத்தை வெட்டினால் வெயில் நேரே விழும், நீர் சூடாகும், ஒட்சிசன் குறையும். வேர் போனால் கரை சரியும், சேறு வந்து கல்லிடுக்கை அடைக்கும். பிறகு அதற்குப் போக்கிடம் இல்லை.

"தும்பியால் நமக்கென்ன பிரயோசனம்?" என்று கேட்பீர்கள். நுளம்பைத் தின்னும், டெங்கு குறையும் என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிடுவது ஓடும் நீரில் அல்ல. நம் முற்றத்துச் சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும். அந்தப் பழியைத் தும்பியின் தலையில் கட்டவும் வேண்டாம், அந்த வேலையை அதனிடம் ஒப்படைக்கவும் வேண்டாம். வேறு எந்த நாட்டிலும் இல்லாத ஒரு உயிர் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. விட்டு வைக்க அது போதாதா? போதாது என்பவர்களுக்கு இன்னொன்று: அதற்கு நிழல் தரும் அதே மரத்தின் வேர்தான் உங்கள் காணி மண்ணையும் பிடித்து வைத்திருக்கிறது.

மதகை அடைத்துக் கிடக்கும் முறிந்த மரங்களை எடுக்கத்தான் வேண்டும்; அதில் கருத்து வேறுபாடு இல்லை. நிற்கும் மரத்தில் கை வைக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறோம்.

சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு சாக்குப் பைகளும் கொண்டு வாருங்கள். பெக்கோ வேண்டாம் என்று அதற்கு முந்திய கூட்டத்தில் பேச இருக்கிறோம். ஓடையோரம் காணி உள்ளவர்கள் கட்டாயம் வரவும்.