கைப்பேசியின் வேகமும் கடைமடை வயலும்

கைப்பேசிகளின் தகவல் வேகம் ஆண்டுக்காண்டு வளர்ந்து வருவதை யாவரும் அறிவர். நம் நாட்டில் 2008ஆம் ஆண்டின் இறுதியில் மூன்றாம் தலைமுறைச் சேவையும், 2012இல் நான்காவதும், 2022 அக்டோபர் 1ஆம் தேதி ஐந்தாவதும் தொடங்கப்பெற்றன. ஐந்தாம் தலைமுறைக்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த உச்ச வேகம் வினாடிக்கு 20 ஜிகாபிட் ஆகும். இது வியக்கத்தக்கதே. ஆயினும், இவ்வேகத்தை எவ்விடத்தில் நின்று அளப்பது என்பதே குடியானவர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

இவ்வேகம் வாய்க்கால் நீரைப் போன்றது. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதன்கீழுள்ளோர் யாவரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். தலைமடையில் கரை புரண்டாலும் கடைமடையில் ஈரமும் காணாத நிலை இதிலும் உண்டு.

அன்றியும், விளம்பரங்கள் பெரிதும் கூறுவது கைப்பேசிக்கு வந்துசேரும் வேகத்தையே. நமக்கு இன்றியமையாததோ, இங்கிருந்து அனுப்பும் வேகம். பயிர்க் காப்பீடு செய்தவர், ஆலங்கட்டி மழை முதலியவற்றால் நேர்ந்த சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தல் வேண்டும். சேதத்தின் படமும் வயலிலிருந்தே செல்லவேண்டியதாகிறது. கோபுரம் பல பத்து வாட் வலிமையுடன் பேசுகிறது. தற்காலக் கைப்பேசியோ வழக்கமாகச் சுமார் 0.2 வாட் அளவிலேயே மறுமொழி கூறுகிறது. ஆதலின் தூரம் கூடுந்தோறும் முதலில் தளர்வது அனுப்பும் வேகமே. 4 மெகாபைட் அளவுள்ள படமொன்று, வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் 32 வினாடிகளில் சென்றுவிடும், 0.1 மெகாபிட்டாயின் ஐந்து நிமிஷத்துக்கு மேலாகும்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. 700 மெகாஹெர்ட்ஸ் அலைகள் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைகளைவிட நெடுந்தூரம் செல்லும். ஆனால் அவை சுமக்கும் தகவல் குறைவு. கடைவீதிக்குப் பின்னதும் வயல்வெளிக்கு முன்னதும் பொருந்தும். 2011இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் கொண்ட திட்டம் ஊராட்சிகளைக் கண்ணாடியிழையால் இணைக்க எழுந்தது. கோபுரமும் அத்தகைய இழையோடு இணைந்தாலன்றி அதன் முழுப்பயன் கிட்டாது.

ஆகவே, பட்டணத்து வேகத்தை மேலும் பெருக்குமுன் கிராமத்து இடைவெளிகளை நிரப்புவதே நியாயமென்பது நமது அபிப்பிராயம். கிராம அலுவலர்கள், படம் செல்லாத வயல்களின் சர்வே எண்களையும் சோதித்த வேளையையும் குறித்து, கிராம சபையில் தீர்மானமாக்கி மேலிடத்துக்கு அனுப்புதல் நலம். கண்ணாடியிழை புதைக்க இடம் கோரும் மனுக்களைத் தாமதியாது கவனித்தலும் அவர்தம் கடமை. நிலமுடையோர், புதிய கைப்பேசிக்குப் பணம் செலவிடுமுன், அச்சேவை தம் வயல் வரப்பில் எட்டுகிறதா என்று சோதித்தறிவாராக. கடைமடையில் பாயாத நீரைக் கொண்டு மகசூலைக் கணக்கிடுவாரில்லை. வேகத்தையும் அவ்வாறே மதித்தல் வேண்டும்.