பொற்காசு மழையும் அசையாத விலையும்

1974 இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடங்கி, மேசையில் ஆடப்படும் மாயக்கதை விளையாட்டுகளில் ஒரு பித்தலாட்டம் தொடர்கிறது. குகையிலிருந்து வீரர் மூட்டை மூட்டையாய்ப் பொற்காசுகளைச் சிற்றூருக்குக் கொண்டுவருவார். அங்கே பாண் விலை அசையாது! பொன்வேட்டை நடக்கும் ஊர்போல விலைகளை ஏற்றியே அச்சிட்டிருப்பதாகக் கைகாக்ஸ் 1978 இல் சமாதானம் சொன்னார். ஏற்றிய விலையும் உறைந்து நிற்கிறதே, அதற்கு என்ன சமாதானம்?

வடிவமைப்பாளர்கள் புங்குடுதீவின் மடத்துவெளிக்கு வந்து பார்க்கட்டும். முன்னர் தென்னிலங்கையில் கடை வைத்தோரின் பணம். 1991 இடப்பெயர்வின் பின்னர் சுவிஸ், கனடாப் பணம். கோயில்கள் உயர்ந்தன. கிணற்றின் உப்பு நீங்கியதா? பொன்னை எண்ணியது போதும் ஐயா, ஒரு குடம் நன்னீருக்கும் விலை எழுதுங்கள். விலை கொடுத்தும் கூலிக்கு ஆள் கிடைக்காத நாளையும் எழுதுங்கள்.