குடும்பத்தாரா? கூலியாட்களா?

சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு முதலாளிமார்களில் பலர் மேடையேறினால், "எங்கள் ஆலையில் வேலை செய்கிறவர்களெல்லாம் எங்கள் குடும்பத்தார் மாதிரி" என்று சொல்லிக்கொள்ளுவது வழக்கமாயிருக்கிறது. தீபாவளி போனஸையும், கல்யாணம் காட்சிக்குக் கொடுக்கும் முன்பணத்தையும் இதற்கு ருஜுவாகக் காட்டுகிறார்கள். சந்தோஷம். ஆனால் ஒருவர் மாத்திரம் பேசவும் மற்றவர்களெல்லாம் வாய்பொத்தி நிற்கவுமான இது எந்த ஊர்க் குடும்பம் என்றுதான் கேட்கிறோம்.

நாரணாபுரத்தில் விடிந்ததும் ஆலை வண்டியேறிப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து செலுத்தும் அறையில் 4 பேருக்குமேல் இருக்கக் கூடாதென்பது அவளுக்கும் தெரியும், போர்மேனுக்கும் தெரியும். ஆறாவது ஆளை உள்ளே விடும்போது, "அண்ணாச்சி, கூட்டம் அதிகம்" என்று அவள் சொன்னால், "இஷ்டமில்லையென்றால் நாளைக்கு வராதே" என்பதுதானே பதில்? முன்பணக் கடனோ தலைக்குமேல் இருக்கிறது. கூலியோ எண்ணிக்கைக் கணக்கு. பேசுகிற நேரத்திற்குக் காசு கிடையாது. ஆகவே பேசாமலிருந்து விடுகிறாள். தாய் வயதுக்காரியை "ஏ, இங்கே வா" என்று கூப்பிடுகிற இடத்தில் அவள் புத்திக்கு என்ன மதிப்பிருக்கும்? (போர்மேனும் கூலிக்காரர்தான். சரக்குக் குறைந்தால் அவருக்கும் மேலிருந்து வசவு விழுகிறது.)

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் 38 பேராவது மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சன்குளத்தில் 20 பேருக்குமேல் மாண்டார்கள். அங்கே லைசென்ஸ் ஒருவர் பேரில், அறைகள் உள்குத்தகையில் பலர் கையில். அப்படியானால் தொழிலாளி யாரிடம் போய் முறையிடுவது?

செத்தபிறகு "விதி" என்கிறார்கள். உராய்ந்தால் பற்றிக்கொள்ளும் மருந்து ஜாதகம் பார்த்தா பற்றுகிறது? சரக்குக் கட்டிடங்களை இடைவெளி விட்டுக் கட்டுகிற முதலாளி, விதியை நம்பியா கட்டுகிறார்?

1984-ல் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றதற்குப் பிறகு, ஆபத்தான தொழிலில் உயிருக்கு அபாயமென்று கண்டால் எடுத்துச்சொல்லும் உரிமையை 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2020-ம் வருஷத்துச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. சொல்லுகிறவளுக்கு மறுநாள் வேலையில்லையென்றால் அந்த உரிமை காகிதத்தில்தான் கிடக்கும்.

ஆர்டர் அவசரம், போட்டி அதிகம் என்பார்கள். இருக்கட்டும். தொழிலாளி ஒருத்தி "இந்த அறை சரியில்லை" என்று சொன்னால் அதைச் சோதித்து முடிக்கும்வரை வேலையை நிறுத்தி, நின்ற நேரத்துக்கும் கூலி கொடுக்க எத்தனை முதலாளிகள் தயார்? தயாராயிருப்பவர் அதை ஆலைக் கதவில் தமிழில் எழுதி மாட்டட்டும். மற்றவர்கள் குடும்பப் பேச்சை மேடையில் எடுக்காதிருக்கட்டும்.