நாயின் கல்லீரலும் வீட்டுத் தானியமும்

1974ஆம் ஆண்டின் இறுதியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டக் கிராமங்களில் ஒரு கொடிய மஞ்சள் காமாலை பரவியது. வயிற்றில் நீர் கோத்து, சுமார் 400 பேர் நோயுற்றனர். 100 பேரளவில் இறந்தனர். பருவந்தவறிய மழையில் நனைந்து, சரிவர உலராமல் சேமிக்கப்பட்ட மக்காச்சோளத்தில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சான அஃப்ளாடாக்சினே காரணம் என்று ஹைதராபாதின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் கண்டறிந்தனர். அதே வீடுகளில் அதே சோளத்தைத் தின்ற நாய்களும் அதே நோயால் மடிந்தன.

மனித மருத்துவ வரலாற்றில் இந்நிகழ்வு இடம்பெற்றுவிட்டது. நாய்களின் கல்லீரல் நலம் பற்றிய இன்றைய பொதுப் பேச்சிலோ அதற்கு இடமேயில்லை. அப்பேச்சு முழுவதும் ‘எதைச் சேர்ப்பது’ என்பதைச் சுற்றியே நிகழ்கிறது: எந்த டானிக், எந்த மாத்திரை, எந்த மூலிகை. எதை விலக்குவது என்ற கேள்வியே முதலில் எழ வேண்டியது.

அஃப்ளாடாக்சின் சமைப்பதால் அழிவதில்லை. நாய் இந்நஞ்சுக்கு மிக எளிதில் இரையாகும் விலங்குகளுள் ஒன்று. ஆயினும் மனிதர் உண்ணத் தகாதென்று ஒதுக்கிய அரிசியும், பூஞ்சை பிடித்த ரொட்டியும், வண்டடித்த மாவும் ‘நாய்க்கு ஆகும்’ என்று அதன் தட்டுக்குச் செல்வது நாடெங்கும் உள்ள வழக்கம். பையில் அடைத்து விற்கும் தீவனமும் இவ்வச்சத்திற்கு அப்பாற்பட்டதன்று. 2020 இறுதியில் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் நாய்த்தீவனம் இக்காரணத்தாலேயே திரும்பப் பெறப்பட்டது. அதைத் தின்ற 100க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் பதிவு செய்தது.

இரண்டாவது செம்பு. பெட்லிங்டன் டெரியர் இனத்தில் மரபணுக் குறையால் கல்லீரலில் செம்பு தேங்குவது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. இந்திய நகரங்களில் பெரிதும் விரும்பி வளர்க்கப்படும் லாப்ரடாரிலும் இத்தேக்கம் உண்டு. உணவில் செம்பு மிகுந்தால் அது பெருகும் என்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். அமெரிக்கத் தீவனத் தரவிதி நாயுணவில் செம்பின் குறைந்த அளவை வரையறுக்கிறது, மேல்வரம்பு விதிக்கவில்லை. 2021இல் கால்நடை மருத்துவர் சிலர் இதை வெளிப்படையாகவே கேள்விக்குட்படுத்தினர். இந்நிலையில் ‘சத்து’ என்று ஆட்டீரலை நாள்தோறும் ஊட்டுவது, அவ்வினத்து நாய்க்கேனும், நன்மையன்று. (கோழியீரலில் செம்பு அவ்வளவு மிகுதியில்லை, எல்லா ஈரலையும் ஒன்றாகப் பேசுவதும் பிழையே.)

துணைமருந்துகள் பயனற்றவை என்பதன்று வாதம். புற்றுநோய்க்காக லோமஸ்டின் பெறும் நாய்களில் எஸ்-அடினோசைல்மெத்தியோனினும் சிலிபினும் சேர்ந்து கல்லீரல் நொதிகளின் உயர்வைக் குறைத்ததற்குச் சான்றுண்டு. ஆனால் அம்மாத்திரை வெறும் வயிற்றில், உடைக்காமல் தரப்பட வேண்டும். சோற்றில் பொடித்துக் கலந்து தருபவர் பணத்தையே கரைக்கிறார். துத்தநாகம் செம்பின் உறிஞ்சலைத் தடுக்கும். ஆனால் மிகுந்தால் அதுவே நஞ்சு. இரத்தப் பரிசோதனையின்றிக் கடைக்காரர் சொற்படி வாங்கப்படும் டானிக் இன்னொரு கேட்டையும் செய்கிறது. உண்ணியால் பரவும் பபீசியாவிலும் கண் மஞ்சளாகும். அங்கே சிதைவது கல்லீரலன்று, சிவப்பணு. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாட்கணக்கில் கொல்லும். டானிக் புட்டி முடியும்வரை காத்திருக்க அங்கே அவகாசமில்லை.

புரதம் பற்றிய பழைய அச்சமும் களையப்பட வேண்டும். கல்லீரல் நோய் என்றதும் முட்டையையும் இறைச்சியையும் நிறுத்திக் கஞ்சி மட்டும் ஊற்றும் வழக்கம் தசையை உருக்குகிறது. புரதமின்றிக் கல்லீரல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவும் இயலாது. மூளை பாதிக்கப்பட்டுத் தடுமாறும் நாய்க்கே புரதக் குறைப்பு பொருந்தும். அப்போதும் தயிர், பனீர், முட்டை ஆகியவை இறைச்சியினும் ஏற்றவை.

கறவை மாட்டின் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் பார்க்கப்படுவது, அது பாலின் வழி மனிதரை அடைவதால். நாய் யாருக்கும் பால் தருவதில்லை. கால்நடைப் பல்கலைக்கழகங்களின் தீவனச் சோதனைக் கூடங்கள் சந்தையிலுள்ள நாய்த்தீவனத்தையும் ஆண்டுதோறும் மாதிரியெடுத்து, அஃப்ளாடாக்சின், செம்பு இரண்டின் அளவையும் நிறுவனப் பெயருடன் வெளியிடலாம். ஒரு முதுநிலை மாணவரின் ஆய்வேட்டிற்குள் அடங்கிவிடக்கூடிய பணி இது.