நாலு புள்ளி வெற்றியும் முழு வெற்றிதான்!



"கடைசி நிமிஷத்துல ஜெயிச்சா அது அதிர்ஷ்டம். அதெல்லாம் ஒரு வெற்றியா?" என்று நம் வகுப்பில் பல பேர் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கருத்தில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. நூலிழையில் வந்த வெற்றியும் முழு வெற்றிதான் என்பதே என் கட்சி. இதைச் சொல்ல, உங்களில் பலர் கேள்விப்பட்டிராத ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியக் கால்பந்து! நான் அதில் சிட்னி ஸ்வான்ஸ் அணியின் ரசிகை.

"நீ எங்க, சிட்னி எங்க?" என்று சிரிக்காதீர்கள். என் மாமா ஒருவர் சிட்னியில் வேலை பார்க்கிறார். அவர் அனுப்பும் பழைய ஆட்டங்களை அம்மாவின் போனில் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. முதல் நாள் அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி இது, பந்து மாங்கா மாதிரி இருக்கு?" என்றார்கள். உண்மைதான். அந்தப் பந்து உருண்டை கிடையாது. முட்டை வடிவில் இருக்கும். தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது.

விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு அணிக்கு 18 பேர். மைதானம் கிரிக்கெட் மைதானம் போலவே நீள்வட்டம். பந்தைக் காலால் உதைக்கலாம், கையில் பிடித்து ஓடலாம், கை முஷ்டியால் குத்தி இன்னொருவருக்குத் தரலாம். ஆனால் எறியக் கூடாது. உதைத்து வரும் பந்தைத் தரையில் படாமல் சுத்தமாகப் பிடித்துவிட்டால் அதற்கு 'மார்க்' என்று பெயர். (நம் மார்க் இல்லை, இது வேற மார்க்!) மார்க் பிடித்தவரை யாரும் தொட முடியாது. அவர் நின்று நிதானமாக உதைக்கலாம்.

இரண்டு கோடியிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவில் இருக்கும் இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. கொஞ்சம் விலகி, பக்கத்துக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. கோல் விழுந்தால் கோல் நடுவர் இரண்டு கொடி அசைப்பார். பிஹைண்டுக்கு ஒரு கொடி. குறி தப்பினாலும் பக்கத்தில் போயிருந்தால் ஒரு புள்ளி உண்டு! எனக்கு இந்த விளையாட்டில் ரொம்பப் பிடித்த விதியே இதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 24, சனிக்கிழமை. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம். 2015 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப்போட்டி நடந்ததே, அதே மைதானம்தான். 90 ஆயிரத்துக்கும் மேல் ஜனங்கள். சிட்னி ஸ்வான்ஸும் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸும் இறுதிப்போட்டியில் மோதின. ஸ்வான் என்றால் அன்னம், ஈகிள் என்றால் கழுகு. அன்னத்துக்கும் கழுகுக்கும் சண்டை வந்தால் யார் ஜெயிப்பார்கள் என்று நினைப்பீர்கள்? அன்னம் ஜெயித்தது! சிட்னி 58, வெஸ்ட் கோஸ்ட் 54. நாலே நாலு புள்ளி வித்தியாசம்.

நான் அப்போது பிறக்கவே இல்லை. முடிவு தெரிந்துதான் பார்த்தேன். ஆனாலும் கடைசி நிமிடங்களில் என் கை வியர்த்துவிட்டது. முதல் பாதியில் சிட்னிதான் முன்னிலை. பிறகு வெஸ்ட் கோஸ்ட் எட்டிப் பிடித்து, கடைசிக் கால் பகுதியில் முந்தியும் விட்டது. அப்போது பாரி ஹால் ஒரு கோல் அடித்தார். அமோன் பியூக்கனன் ஒரு கோல் அடித்தார். சிட்னி மறுபடியும் மேலே வந்தது. முடிய ஒரு சில நொடிகள்தான் இருக்கும். வெஸ்ட் கோஸ்டின் டீன் காக்ஸ் கோல் பக்கம் பார்த்துப் பந்தை நீளமாக உதைத்தார். அங்கே அவர்கள் ஆள் யாராவது மார்க் பிடித்தால், சங்கு ஊதிய பிறகும் உதைக்க விடுவார்கள். ஒரு கோல் விழுந்தால் கதை முடிந்தது. இரண்டு அணி ஆட்களும் கும்பலாக எம்பினார்கள். அந்தக் கும்பலுக்கு மேலே ஒருவர் பறந்து வந்து பந்தை அணைத்துப் பிடித்தார். அவர் சிட்னியின் தடுப்பாட்டக்காரர் லியோ பாரி. உடனே சங்கு ஊதிவிட்டது!

அந்த வெற்றிக்குப் பின்னால் 72 வருஷக் காத்திருப்பு இருக்கிறது. இந்த அணி முதலில் சிட்னி அணியே இல்லை. மெல்போர்ன் நகரத்தில் சவுத் மெல்போர்ன் என்ற பகுதியின் அணி. 1933-இல் கோப்பை வாங்கியது. அதற்குப் பிறகு வாங்கவே இல்லை. 1982-இல் அணியையே சிட்னிக்கு மாற்றிவிட்டார்கள். தன் ஊர் அணி வேறு ஊருக்குப் போனால் ரசிகர்களுக்கு எப்படி இருக்கும்? 1933-இல் பத்து வயசுப் பையனாக இருந்து அந்தக் கோப்பையைப் பார்த்தவருக்கு 2005-இல் 82 வயது ஆகியிருக்கும். அவரிடம் போய், "தாத்தா, நாலு புள்ளிதானே, இது பெரிய வெற்றி இல்லை" என்று யாராவது சொல்ல முடியுமா?

சரி, உணர்ச்சியை விடுவோம். அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களுக்குக் கணக்கிலேயே பதில் சொல்கிறேன்.

முதல் பதில். அதிர்ஷ்டம் ஒரு தடவை வரலாம். அதே 2005-இல் சிட்னி இறுதிக்கட்டச் சுற்றில் ஆடியது மொத்தம் நாலு ஆட்டம். முதல் ஆட்டத்தில் இதே வெஸ்ட் கோஸ்டிடம் 4 புள்ளியில் தோல்வி. அடுத்து ஜீலாங் அணியை 3 புள்ளியில் வெற்றி. அந்த ஆட்டத்தில் நிக் டேவிஸ் என்பவர் கடைசிக் கால் பகுதியில் மட்டும் நாலு கோல் அடித்தார். நாலாவது கோல் விழும்போது சில நொடிகள்தான் மிச்சம். பிறகு செயின்ட் கில்டாவை நன்றாகவே ஜெயித்தார்கள். கடைசியில் 4 புள்ளியில் கோப்பை. நெருக்கடியில் தோற்றும் இருக்கிறார்கள், ஜெயித்தும் இருக்கிறார்கள். தோற்ற பிறகு பயந்து போகாமல் அடுத்த நெருக்கடிக்குத் தயாராக வந்தார்களே, அதற்குப் பெயர் அதிர்ஷ்டமா, பயிற்சியா?

இரண்டாவது பதில். எல்லாரும் லியோ பாரியின் கடைசிப் பிடியை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஆட்டம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நடக்கிறது. அன்று சிட்னி 8 கோல், 10 பிஹைண்ட். வெஸ்ட் கோஸ்ட் 7 கோல், 12 பிஹைண்ட். "பார்த்தியா, வெஸ்ட் கோஸ்ட்தான் அதிகத் தடவை உதைச்சிருக்காங்க" என்று கேட்கலாம். ஆமாம், 19-க்கு 18. ஆனால் கோல் ஆக வேண்டியது சும்மாவா பிஹைண்ட் ஆகிறது? எதிராளி நிதானமாகக் குறி பார்க்க முடியாமல் தடுப்பாட்டக்காரர்கள் விரட்டுகிறார்கள். கோலுக்குப் போகும் பந்தை விரல் நுனியால் தொட்டுவிட்டால்கூடப் போதும், அது வெறும் 1 புள்ளி ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் 5 புள்ளி மிச்சம்! இதற்கு யாரும் கை தட்டுவதில்லை. ஆனால் கடைசியில் நாலு புள்ளியாக வந்து நிற்பது இதுதான். அந்த வருஷத் தொடக்கத்தில் லீகின் தலைமை நிர்வாகியே, சிட்னி ஆடும் முறையை மாற்றாவிட்டால் அதிக ஆட்டங்களை ஜெயிக்க முடியாது என்று வெளிப்படையாகக் குறை சொன்னார். பயிற்சியாளர் பால் ரூஸ் தடுத்து ஆடும் முறையைக் கைவிடவில்லை. அந்த முறையில்தான் கோப்பை வந்தது.

மூன்றாவது பதில். சிறு துளி பெரு வெள்ளம் என்று நாம் சும்மா எழுதிப் பார்க்கிறோம். இந்த விளையாட்டில் அது அப்படியே நடக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கோலை மட்டும்தான் எண்ணினார்கள். பிஹைண்டை வைத்து வெற்றி தோல்வி பார்க்கவில்லை. 1897-இல்தான் கோலுக்கு 6, பிஹைண்டுக்கு 1 என்ற கணக்கு வந்தது. அதன் பலனைப் பாருங்கள். 1966 இறுதிப்போட்டியில் செயின்ட் கில்டாவும் காலிங்வுட்டும் ஆளுக்குப் பத்து கோல். பிஹைண்ட் 14-க்கு 13. கடைசியில் பாரி பிரீன் உதைத்தது கோல் ஆகாமல் பிஹைண்ட் ஆனது. அந்த ஒரு புள்ளியில் செயின்ட் கில்டா ஜெயித்தது. இன்று வரை அந்த அணியின் ஒரே கோப்பை அதுதான்! 2023 இறுதிப்போட்டியில் இன்னும் வேடிக்கை. பிரிஸ்பேன் 13 கோல், காலிங்வுட் 12 கோல்தான். ஆனால் பிரிஸ்பேனுக்கு 8 பிஹைண்ட், காலிங்வுட்டுக்கு 18. கூட்டிப் பாருங்கள், 86-க்கு 90. குறைவான கோல் அடித்தவர்கள் கோப்பையைத் தூக்கினார்கள். ஆகவே ஒரு புள்ளியை அலட்சியமாக நினைப்பவர்கள் இந்த விளையாட்டில் பிழைக்க முடியாது.

இப்போது நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "சரி, உன் அணி ஒரு புள்ளியில் தோத்தா என்ன சொல்லுவே?"

நடந்ததே! அடுத்த வருஷம், 2006-இல், அதே மைதானம், அதே இரண்டு அணிகள், மறுபடியும் இறுதிப்போட்டி. வெஸ்ட் கோஸ்ட் 85, சிட்னி 84. இரண்டு பக்கமும் 12 கோல். ஒரே ஒரு பிஹைண்ட் கோப்பையைக் கொண்டுபோய்விட்டது. அதையும் பார்த்தேன், அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் வெஸ்ட் கோஸ்டுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று நான் சொல்ல மாட்டேன். 2005-இல் எங்கள் வெற்றி உழைப்பு என்றால் 2006-இல் அவர்கள் வெற்றியும் உழைப்புதான். நமக்கு ஒரு தராசு, அடுத்தவருக்கு ஒரு தராசு வைக்கக் கூடாது. பிறகு 2012-இல் சிட்னி 10 புள்ளியில் ஜெயித்தது. 2022-இல் 81 புள்ளியிலும், 2024-இல் 60 புள்ளியிலும் இறுதிப்போட்டியில் படுதோல்வி அடைந்தது. அதையும் மறைக்காமல் சொல்வதுதான் ரசிகைக்கு அழகு.

ஆகவே என் கருத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. நாலு புள்ளியில் ஜெயித்தவர் முழுதாக ஜெயித்தவர். அவரை "தப்பிச்சிட்டே" என்று சொல்லக் கூடாது. அதேபோல நாலு புள்ளியில் தோற்றவர் ஒன்றும் தெரியாதவர் அல்ல. அவரைக் கேலி செய்யக் கூடாது.

இந்த இரண்டாவது பக்கத்துக்கு 2005 இறுதிப்போட்டியே சாட்சி. இறுதிப்போட்டியில் மிகச் சிறப்பாக ஆடியவருக்கு நார்ம் ஸ்மித் பதக்கம் என்று ஒன்று தருவார்கள். அன்று அது யாருக்குப் போனது தெரியுமா? லியோ பாரிக்கு இல்லை. சிட்னியில் யாருக்குமே இல்லை. தோற்றுப்போன வெஸ்ட் கோஸ்டின் கிறிஸ் ஜட்டுக்குப் போனது! கோப்பை ஜெயித்த அணிக்கு, பதக்கம் நன்றாக ஆடியவருக்கு. சிட்னி ரசிகையான நானே சொல்கிறேன், அது சரியான தீர்ப்பு.

இதைப் படிக்கும் விளையாட்டு ஆசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். நம் பள்ளி விளையாட்டு விழாவில் ஜெயித்த அணியை மட்டும் மேடைக்குக் கூப்பிடுகிறோம். கோ-கோவில் ஒரு புள்ளியில் தோற்றவர்கள் பின்வரிசையில் நின்று கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். இந்த வருஷம் ஒவ்வொரு இறுதி ஆட்டத்துக்கும் "சிறந்த ஆட்டக்காரர்" என்று ஒரு பரிசு வையுங்கள் சார். பெரிய பரிசு வேண்டாம், ஒரு பேனா போதும். அதைத் தரும்போது ஜெயித்த அணியில் மட்டும் தேடாமல், தோற்ற அணியிலும் தேடிப் பாருங்கள். அறிவிப்புப் பலகையில் ஜெயித்தவர் பெயரோடு இரண்டு அணியின் புள்ளிகளையும் சேர்த்து எழுதுங்கள். எத்தனை புள்ளியில் போனது என்று எல்லாருக்கும் தெரியட்டும்.

தோழிகளே, என் கருத்தை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதே பலகையில் அடுத்த மாதம் பதில் எழுதலாம். நான் படிக்கத் தயார். ஆனால் ஒன்று, எழுதுவதற்கு முன்னால் லியோ பாரி பிடித்த அந்த மார்க்கை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்!



— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி