நிற்கத் தெரிந்த செய்நிரல்

சில பழைய விளையாட்டுகளைப் புதிய கணனியில் ஓட்டிப் பார்த்தவர் திகைத்திருப்பர். கண் இமைக்குமுன் பந்து மறைந்துவிடும். பிழை கணனியினதன்று, காத்திருக்கத் தெரியாத செய்நிரலினது.

கணனி விளையாட்டென்பது அடுத்தடுத்துக் காட்டப்படும் படங்களின் தொடரே. செக்கனுக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒரு படத்துக்குரிய நேரம் ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கன். கணனி அப்படத்தை 5 மில்லிசெக்கனில் வரைந்து முடித்தால், எஞ்சிய நேரம் அது வாளாவிருத்தல் வேண்டும்.

மாணவர் இடறுவது இங்கேதான். படந்தோறும் 16 மில்லிசெக்கன் நிற்குமாறு கட்டளையிடுவர். வரைந்த 5ஐயும் கூட்டினால் 21 ஆகிறதன்றோ? செக்கனுக்கு 48 படங்கள்கூடக் கிடையா. வேலைக்குச் சென்ற நேரத்தை அளந்து, மிகுதிக்கு மாத்திரம் காத்திருத்தலே முறை.

வேகம் போதாத பொறியின் கதை வேறு. 1978இல் யப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டிலே பகைவர் 55 பேர். அனைவரையும் ஒருங்கே நகர்த்த இயலாத பொறி, படத்துக்கு ஒருவராக நகர்த்தியது. ஆதலின் முழுப்படையும் ஓரடி வைக்க ஏறத்தாழ ஒரு செக்கன் சென்றது. பகைவர் வீழ வீழ, எஞ்சியோர் விரைந்தனர். கடைசி ஒருவனோ பாய்ந்தோடினான். நிஷிகாடோ அக்குறையைத் திருத்தாது விட்டார். ஆட்டத்தின் சுவையே அதுவாயிற்று.

ஆயினும் குறை குணமாவது அருமை. மாணவர்களே, உங்கள் செய்நிரலுக்கு ஓடக் கற்பிக்குமுன் நிற்கக் கற்பியுங்கள்.