ஜின காஞ்சியும் நமது மக்களும்

காஞ்சிபுரம் என்று சொன்னவுடனே நமது மக்களுக்கு ஞாபகம் வருபவை இரண்டு. ஒன்று பட்டு, மற்றொன்று கோயில். முசரவாக்கத்திலிருந்தும் சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போகிறவர்கள், போன கையோடு பெரிய காஞ்சியில் சிவனையும் சின்ன காஞ்சியில் விஷ்ணுவையும் கும்பிட்டுவிட்டு, காஞ்சி முழுவதையும் பார்த்தாய்விட்டதென்று திரும்பிவிடுகிறார்கள். வேகவதி யாற்றுக்கு அப்பால், நடந்தே போகக்கூடிய தூரத்தில், திருப்பருத்திக்குன்றம் என்று ஓர் ஊர் இருப்பதும், அதற்கு ஜின காஞ்சி என்று பெயர் இருப்பதும் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரிவிப்பாரும் இல்லை.

அந்த ஊர் நேற்று முளைத்ததல்ல. 6ஆம் நூற்றாண்டிலேயே பல்லவ அரசன் சிம்மவர்மன், பருத்திக்குன்றத்து வஜ்ஜிரநந்தி என்னும் சமண ஆசிரியருக்கு நிலம் விட்ட செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடு சொல்லுகிறது. சுமார் 640ஆம் வருஷத்தில் காஞ்சியைப் பற்றி எழுதிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் 10,000 பிக்குகளும் இருந்ததாகவும், எண்பது தேவாலயங்கள் இருந்ததாகவும், திகம்பர சமணர் பலர் இருந்ததாகவும் குறிக்கிறார். நாளந்தாவுக்கே தலைமை வகித்த தருமபாலர் காஞ்சிக்காரர். வாசற்படியேறிப் படிக்கும் இடத்துக்குப் “பள்ளிக்கூடம்” என்று இன்றைக்கும் நாம் சொல்லுகிறோமே, அந்தப் “பள்ளி” என்ற சொல் இந்தச் சமண, பௌத்தத் துறவிகள் இருந்த இடத்தின் பேர்தான். நன்னூல் எழுதிய பவணந்தியும் சமணர். சிந்தாமணி எழுதிய திருத்தக்கதேவரும் சமணர்.

இவ்வளவு பேரும் எங்கே போனார்கள்?

“எங்கள் நாயன்மார்கள் வாதத்தில் வென்றார்கள், அவர்கள் தோற்றார்கள்” என்று சைவர்கள் சொல்லுகிறார்கள். சரி, வாதத்தில் வென்றவர்களுக்குக் கழுமரம் எதற்கு? மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகச் சேக்கிழாரின் பெரியபுராணமே சொல்லுகிறது. அது நடந்ததா இல்லையா என்பதில் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் வழக்கு உண்டு. சமணர் எழுதிய நூல்களில் அப்படியொரு சேதி இல்லை யென்கிறார்கள். நாம் கேட்பது இதுதான்: நடந்தது என்றால் அது எண்ணாயிரம் கொலை. நடக்கவில்லை யென்றால், செய்யாத கொலையைச் செய்ததாகச் சொல்லிப் பெருமைப்படுகிற புத்தி. இரண்டில் எதைப் பக்தி என்பது?

இன்னொரு சங்கதியும் உண்டு. 1368இல் சமணர்கள், வைணவர்கள் தங்களை இம்சிக்கிறார்களென்று விஜயநகரத்துப் புக்கராயரிடம் முறையிட்டார்கள். அவர் காஞ்சி முதலிய க்ஷேத்திரங்களின் வைணவர்களையும் வைத்துக்கொண்டு, இரு சமயத்துக்கும் பேதமில்லை, சமணரைக் காப்பது வைணவர் கடமை என்று தீர்ப்புச் செய்து சிரவணபெளகொளாவில் கல்லில் வெட்டிவைத்தார். அந்தத் தைரியத்தில்தான் 1387-88இல் விஜயநகரத் தளபதி இருகப்பர் பருத்திக்குன்றத்துக் கோயிலில் மண்டபம் கட்டினார். அதன் கூரையில் தீர்த்தங்கரர் சரித்திரங்கள் சித்திரமாக இருக்கின்றன. ஆகவே ஒரு மதம் வாழ்வதும் சாவதும் அதன் உண்மையினால் அல்ல, ராஜா எந்தப் பக்கம் சாய்ந்தான் என்பதனால்தான் என்பது விளங்கவில்லையா?

நிற்க, இதனால் சமணத்துக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ணவேண்டாம். உலகத்தைப் படைத்த கடவுள் ஒருவன் உண்டென்பதை மறுத்தவர்கள் அவர்கள். அந்த மட்டில் பாராட்டத்தக்கதே. ஆனால் கடவுளை விட்டவர்கள் கர்மத்தை விடவில்லை, மறுபிறப்பை விடவில்லை. பிறகு சிலை வந்தது, அபிஷேகம் வந்தது, இயக்கி வந்தாள். பெண்ணாய்ப் பிறந்தவள் ஆணாய்ப் பிறந்தாலொழிய மோட்சமில்லை என்பது திகம்பரர் கொள்கை. பெண்ணைத் தாழ்த்துகிற சங்கதியில் மட்டும் மதங்களுக்குள் என்ன ஒற்றுமை பாருங்கள்!

வெளி நாட்டையும் பார்ப்போம். சிரியா, லெபனான் மலைகளில் துரூஸ் என்றொரு சிறு கூட்டம் இருக்கிறது. 1017இல் கெய்ரோவில் தோன்றி, 1043க்குப் பிறகு புதிதாக ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்ட மதம் அது. அவர்களில் “அறிந்தோர்” என்ற வகுப்பார்தான் வேதப் புத்தகத்தைப் படிக்கலாம், மற்றவர் “அறியாதோர்”. ஆனால் விரும்பித் தகுதி பெற்றால் பெண்ணும் அறிந்தோராகலாம். சூத்திரன் காதால் கேட்கவும் கூடாது என்ற நமது வைதீகத்தைவிட அது எவ்வளவோ மேல். என்றாலும், தான் பார்த்திராத புத்தகத்துக்காக ஒருவன் சாக நேர்வது பரிதாபமல்லவா? 2025 ஜூலையில் அவர்களது பட்டணமான சுவைதாவில் நடந்த சண்டையில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அவர்கள் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று கொன்றவனுக்கும் தெரியாது. செத்தவரில் பலருக்கும் தெரியாது.

2011 ஜனக்கணக்குப்படி தமிழ்நாட்டு ஜைனர் 89,265 பேர். வடநாட்டிலிருந்து வந்தவர்களும் இதில் அடக்கம். நமது பக்கத்தில் உழுது பயிரிடும் நயினார்களும் தமிழர்களே. அவர்களை அன்னியர் போல் பார்ப்பது அறியாமை.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை காஞ்சிக்குப் புடவை எடுக்கப் போகும்போது ஆற்றைத் தாண்டிப் பருத்திக்குன்றம் வரை ஒரு நடை போய்வாருங்கள். கும்பிடுவதற்காக அல்ல. பிள்ளைகளையும் கூட்டிப்போய் அந்தக் கூரைச் சித்திரத்தைக் காட்டி, இந்த ஊரில் இவர்களும் இருந்தார்கள், ஏன் குறைந்தார்கள் தெரியுமா என்று கேளுங்கள். தலபுராணம் படித்த பிள்ளை கைகூப்பும். சரித்திரம் படித்த பிள்ளைதான் கேள்வி கேட்கும்.